தள்ளிக்கொண்டே போன சைக்கிள்

என்னைக் கலியாணத்துக்கு அழைத்த முதல் ஆள் அவர்தான். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. அதற்கு முன்பும் கலியாண வீடுகளில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் யாரும் அழைத்ததில்லை.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கொழும்பிலிருந்து நிவாரண அரிசி ஏற்றி வந்த லொறியில் நான் கிளீனர். சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பறைகள் முழுக்கச் சனம். ஜன்னல் கம்பிகளில் பிள்ளைகளின் உடுப்புக் காய்ந்தது. அந்த நேரம் வாசலால் ஒரு பெண் ஆண்கள் ஓடும் பெரிய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் கரியரில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வகுப்பு வகுப்பாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டு வசனம் சொன்னார், அடுத்த வாசலுக்குப் போனார். காணாமல் போன யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன். அந்த நாட்களில் அப்படி வாசல் வாசலாகப் போகிற எல்லோரும் யாரையாவது தேடுகிறவர்கள்தான்.

கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு அஞ்சாம் வகுப்புக்குள்ள கலியாணம். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் வரணுமாம். வராம இருந்திராத."

"ஆர்ட கலியாணம்?"

"சொன்னா மட்டும் உனக்குத் தெரியவா போகுது? நீ எந்த ஊரு?"

"வாழைச்சேன."

"தூரத்து ஆள். தூரத்து ஆக்கள்தான் முந்தி வரணும்."

என் தோளில் ஐம்பது கிலோ மூட்டை இருந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "ஓம்" என்று நான் சொல்லும்வரை நின்றார்.

லொறி அன்று பின்னேரமே திரும்பியது. நான் திரும்பவில்லை. லொறிக்காரனோடு ஏற்கெனவே சண்டை. அதோடு, அழைத்த கலியாணத்தை விட்டுப் போக மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். பெண்ணின் வீடு கடற்கரையில் இருந்தது. வீடும் இல்லை, பெண்ணின் தாயும் இல்லை. அதனால் ஐந்தாம் வகுப்பு மூலையில் இரண்டு சேலையைக் கட்டி மறைத்து அதையே வீடாக்கினார்கள். மாப்பிள்ளையின் ஆட்கள் எட்டாம் வகுப்பில் தங்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டி வந்தார்கள். ஊர்வலம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று முற்றத்தைச் சுற்றி வந்தார்கள். நான் இறக்கிய அரிசியில்தான் சோறு. ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தாலத்தில் சாப்பிடுவது அங்கே வழக்கம். என்னையும் ஒரு தாலத்தில் இருத்தினார்கள். அழைத்தவரைத் தேடிப் பார்த்தேன். சோற்றுக் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, கையில் ஒரு கோப்பையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இரிந்து தின்னுங்களன் ராத்தா" என்றார் சோறு போட்டவர். அக்காவை அங்கே ராத்தா என்பார்கள்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

"இரிக்க நேரமில்ல."

அதற்குப் பிறகு நாலரை வருஷம் நான் அந்த ஊரில் இருந்தேன். ஒரே ஒரு பின்னேரத்தைத் தவிர, அத்தனை காலத்திலும் ராத்தா எங்கேயாவது குந்தி இருந்து நான் பார்க்கவில்லை.

அவருடைய வேலையே அதுதான். கலியாணம், சுன்னத்துக் கலியாணம், காது குத்து, வீடு குடிபுகுதல், எதுவானாலும் ஊருக்குப் போய்ச் சொல்வது. அழைப்புக் காட் அடித்துக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். ஆனால் காட் வந்த வீட்டுக்கும் ராத்தா வந்து சொன்னால்தான் அழைத்த மாதிரி. வீட்டு எண், தெருப் பெயர் எதுவும் அவருக்கு வேண்டாம். ஒரு ஒழுங்கையில் நுழைந்தால் யார் வீட்டில் யார் கோபம், எந்த மச்சானுக்கு எந்த மச்சான் முகம் கொடுக்க மாட்டான் எல்லாம் தெரியும். கோபக்காரர்களுக்குத் தனிக் கதை வைத்திருப்பார். "உங்களுக்குத்தான் முதல் சொல்லச் சொன்னாங்க. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல" என்பார், நாற்பதாவது வீட்டில் நின்று.

எல்லா வீட்டிலும் "இரிங்க" என்பார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில். தேத்தண்ணி கொடுத்தால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். போகும்போது தேங்காயோ அரிசியோ சீனியோ கொடுப்பார்கள். அது சைக்கிள் கைப்பிடியில் தொங்கும். பின்னேரம் ஆனால் இரண்டு பக்கமும் பை கனத்து, சைக்கிள் கர்ப்பிணி மாதிரி ஆடி ஆடி வரும்.

அவருக்கு சைக்கிள் ஓடத் தெரியாது. தள்ள மட்டும்தான் தெரியும்.

எனக்கு சைக்கிள் கடையில் வேலை கிடைத்திருந்தது. கடல் வந்த பிறகு அங்கே நேரான சைக்கிள் ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய செயின்களும் எட்டுப் போல வளைந்த சில்லுகளும் குவிந்து கிடந்தன. முதலாளி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓதியிரிக்கியா, படிச்சிரிக்கியா?"

"ஏழாம் வகுப்பு."

"நல்லம். எட்டுப் படிச்சவன் இந்த வேலைக்கு வரமாட்டான்."

ராத்தாவின் சைக்கிளில் மட்டும் கடல் படவில்லை. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பிறகு ஐந்தாம் வகுப்பில் நடந்த அதே கலியாணத்துக்குச் சொல்லத்தான் அவர் புறப்பட்டிருந்தார். மகளைக் கரியரில் வைத்துக்கொண்டு, வயல் பக்கத்து வீடுகளிலிருந்து தொடங்கியிருந்தார். கடற்கரை வீடுகளுக்குப் பிறகு போகலாம் என்று. பத்தாவது வீட்டிலோ பதினோராவது வீட்டிலோ நிற்கும்போது சனம் ஓடி வந்தது. அவருடைய உம்மா வீட்டில் இருந்தார். வீடு கடலிலிருந்து இரண்டாவது வரிசை.

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, பம்புக்குப் பக்கத்தில் நின்று. சொல்லிவிட்டு, "எங்கட உசிரக் காப்பாத்தின கலியாணம். அத நடத்தாம உடுவனா?" என்று சிரித்தார். பிறகு, "பின் சில்லுக்கு இன்னும் கொஞ்சம் அடி" என்றார்.

மௌத்துச் செய்தி, அதாவது சாவுச் செய்தி மட்டும் அவர் கொண்டுபோக மாட்டார். மௌத்தானவருக்காகக் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் கத்தத்துக்கும் சொல்லப் போக மாட்டார். கடலுக்குப் பிறகு ஊரில் கலியாணத்தை விடக் கத்தம்தான் அதிகம். வந்து கேட்பார்கள். "அதுக்குப் பள்ளியில ஸ்பீக்கர் இரிக்கி. எண்ட வாய் நல்லதுக்கு மட்டும்தான்" என்று அனுப்பிவிடுவார். நான் ஏதோ சகுனம் பார்க்கிறார் என்று நினைத்தேன். முதலாளிதான் சொன்னார்.

"அவட மாப்பிள ஆமில இரிந்தவன். தெரியுமா?"

தெரியாது.

"வன்னிப் பக்கம் ஒரு காம்ப் உழுந்திச்சே, சமாதானத்துக்கு முந்தி. அதோட காணல்ல. மையித்தும் வரல்ல, ஆளும் வரல்ல. ஒரு கடிதம் மட்டும் வந்திச்சி."

அந்த ஊரில் ஆமிக்கு, ராணுவத்துக்கு, போனவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ராத்தாவின் புருஷனான இவர் அம்பாறையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்து சிங்களம் பிடித்தவர். மொழி தெரிந்த ஆளென்று எடுத்துக்கொண்டார்கள். லீவில் வரும்போது யூனிபோமைச் சொப்பிங் பைக்குள் மடித்து வைத்து, சாரம் கட்டிக்கொண்டு பஸ்ஸால் இறங்குவாராம். ஆறடி உயரம். "கோழி அறுக்கச் சொன்னா கண்ண மூடிக்கிற மனிசன்" என்றார் முதலாளி. "இவன் எங்க சண்ட புடிச்சானோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம். அந்த சைக்கிள் நான் பூட்டிக் குடுத்தது. சீட்ட எவ்வளவு உயத்த ஏலுமோ அவ்வளவு உயத்தியும் அவன்ட முழங்கால் ஹேண்டில்ல முட்டும்."

அதற்குப் பிறகுதான் அந்த சீட்டைக் கவனித்தேன். குழாய் கடைசி வரைக்கும் இழுத்து இறுக்கியிருந்தது. மேலே பொலித்தீன் பை கட்டியிருந்தது, மழை படாமல். நோன்புப் பெருநாளுக்கு முந்தி ஒரு தடவை, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி ஒரு தடவை, ராத்தா அதைச் சேவிசுக்குக் கொண்டுவருவார்.

"ஓட ஆளில்லாத சைக்கிளுக்கு என்னத்துக்கு இவ்வளவு எண்ணெய்?" என்று முதலாளி சீண்டுவார்.

"ஆளில்லண்டு ஆர் சொன்ன? ஆள் தூரத்தில. வந்து கேட்டா நீங்களா பதில் சொல்றது?"

ஒரு தடவை நான் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, சீட் நட்டில் துரு ஏறியிருப்பதைப் பார்த்து ஸ்பானரை வைத்தேன். அவ்வளவுதான்.

"அந்த நட்டில கை வெக்காத!"

தெருவில் போன ஆள் திரும்பிப் பார்த்தார்.

"துருப் புடிச்சிரிக்கி ராத்தா. கழட்டி எண்ணெய் போட்டாத்தான்…"

"துருப் புடிச்சா புடிக்கட்டும். அது அவர்ட கால் அளவு. கழட்டினா திரும்ப அந்த எடத்துக்கு உனக்குக் கொண்டுவரத் தெரியுமா?"

தெரியும். ஒரு கீறு போட்டு அடையாளம் வைத்தால் போதும். ஆனாலும் ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டேன்.

அவர் நம்பியது சும்மா இல்லை. அதற்கு ஒரு கொப்பி இருந்தது.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் வன்னிக்குப் போகிற பாதை திறந்தது. ராத்தா மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, அந்தக் கரைச் சோதனைச் சாவடி வரைக்கும் போயிருக்கிறார். அங்கே மேசையில் இருந்தது புலிகள் இயக்கத்துப் பெண்பிள்ளை ஒன்று. தலையை இரட்டைப் பின்னலாக மடித்துக் கட்டியிருந்ததாம். பதினெட்டு வயதிருக்கும்.

"நான் நேரா கேட்டன், தம்பி. 'தங்கச்சி, எண்ட மாப்பிள உங்களிட்ட இரிக்காரா?' எண்டு. அந்தப் பிள்ள போட்டோவப் பாத்திச்சி. 'ஆமிக்காரரா?' எண்டிச்சி. 'ஓம், ஆமிதான், ஆனா கெட்டவரில்ல' எண்டன். சிரிச்சிட்டு. ஒரு கொப்பிய எடுத்துப் பேரெல்லாம் எழுதிச்சி. ஊரு, வாப்பாட பேரு, நம்பரு, எல்லாம். 'இருந்தாச் சொல்லியனுப்புவம்' எண்டிச்சி. 'உட்டீங்கண்டா மகள்ட காது குத்துக்கு நீயும் வந்திரு, வராம இருந்திராத' எண்டு சொல்லிட்டு வந்தன்."

"அங்க போயும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம? எழுதின பிள்ளைக்குச் சொல்றதில்லயா?"

அதனால் மகளின் காது குத்துத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வாப்பா வந்துதான் காது குத்து. பிள்ளைக்கு ஏழு வயது ஆகியது, எட்டு ஆகியது, ஒன்பதும் ஆகியது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தோடு போட்டுக்கொண்டு வருவார்கள். இவள் தலையைச் சுற்றி முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாள். கால் மட்டும் வாப்பாவைப் போல நீண்டுகொண்டு போனது.

ஆமி முகாமிலிருந்து ஒரு தடவை அதிகாரி ஒருவர் வந்தார். மரண அத்தாட்சிக்கு ஒரு படிவம். கையொப்பம் வைத்தால் மற்றக் காரியங்கள் நடக்குமாம். மொழிபெயர்க்க ஒரு பொடியனும் கூட வந்திருந்தான். அவர்களுக்குக் கதிரை போட்டு, சர்பத் கரைத்துக் கொடுத்துவிட்டு இவர் நின்றார்.

"உங்களையும் இருக்கச் சொல்றார்" என்றான் பொடியன்.

"நான் இரிக்கிறல்ல. அவருக்குச் சொல்லுங்க, இதில கையொப்பம் வெக்கிறத்துக்கு வீட்டுக்காரர் வரணும்."

"அவர் இல்லாததுக்குத்தானே இந்த போர்ம்?"

"அதான் சொல்றன். அவர் வந்து வெப்பார்."

பொடியன் இதை எப்படிச் சிங்களத்தில் சொன்னானோ தெரியாது. அதிகாரி சர்பத்தைக் குடித்து முடித்து, தொப்பியைப் போட்டு, ஒரு சலூட் அடித்துவிட்டுப் போனாராம். "நல்ல மனிசன். மகள்ட கலியாணத்துக்குச் சொல்லுவம்" என்றார் ராத்தா.

இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். சிரிக்காத ஒரு ஆள் ஊரில் இருந்தார். ராத்தாவின் மாமி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா. பள்ளிவாசலுக்குப் பின்னால் தன்னுடைய மகளோடு இருந்தார். மெலிந்த மனுசி. கடிதம் வந்த அன்றே மகன் மௌத்து என்று முடிவு எடுத்துவிட்டார். வருஷா வருஷம் அந்த நாளில் கத்தம் ஓதுவார். மருமகள் மட்டும் வர மாட்டார்.

ஒரு வருஷம் மாமி எங்கள் கடை வாசலுக்கே வந்துவிட்டார். ராத்தா அங்கே காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் போய்ச் சொல்றாய். எண்ட மகன்ட கத்தத்துக்கு மட்டும் உண்ட கால் வராதா?"

"ஹயாத்தோட, உசிரோட இரிக்கிற ஆளுக்கு என்ன கத்தம், மாமி?"

"பெத்தவ நான் சொல்றன்."

"நீங்க பெத்தீங்க. நான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். ராத்தா பம்பை எடுத்து அடித்துக்கொண்டே இருந்தார். டயர் கல்லாகிவிட்டது. நான்தான் போய்க் கையைப் பிடிக்காத குறையாகப் பம்பை வாங்கினேன்.

வன்னியில் யுத்தம் முடிந்த வைகாசியில் கல்முனைத் தெரு முழுக்க வெடி. முதலாளி கடைக்கு முன்னால் கொடி கட்டினார். கட்டாத கடை ஒன்றும் இல்லை. ராத்தா அன்று மூன்று தடவை கடைக்கு வந்தார்.

"முடிஞ்சிட்டாமே! இனி எல்லாரையும் உடத்தானே வேணும்?"

முதலாளி செயினைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றார்.

கடலுக்குப் பிறகு கிடைத்த நிவாரண வீட்டுக்கு ராத்தா அந்த வாரமே சுண்ணாம்பு அடித்தார். ஆறடிக்குக் காணும் சாரம் ஒன்று மருதமுனையில் சொல்லி நெய்வித்து எடுத்தார். மகளின் காது குத்துக்கு மனதுக்குள் நாள் பார்த்துவிட்டார். சைக்கிளுக்குப் புதிய மணி. பழைய மணியும் நன்றாகத்தான் அடித்தது. "அவருக்குச் சத்தம் கூடின மணிதான் புடிக்கும்" என்றார்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் டீவி ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிற சனத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தலையில் பையோடு, இடுப்பில் பிள்ளையோடு. ராத்தா சைக்கிளைப் பிடித்தபடி வெளியில் நின்று பார்ப்பார். மாப்பிள்ளையைத் தேடுகிறார் என்று நினைத்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பக்கத்தில் போய் நின்றேன்.

"ரெட்டப் பின்னல் பிள்ள ஒண்டயும் காணல்ல" என்றார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"கொப்பியில எழுதின பிள்ள, தம்பி. இந்தச் சனத்துக்குள்ள வருதா எண்டு பாக்கன்."

"வந்திருக்கும் ராத்தா. எத்தின ஆயிரம் சனம்."

"அதுக்கும் ஒரு உம்மா இரிப்பா, என்ன?"

 டீவியில் விளம்பரம் வந்தது. சோப்புக்கு ஒரு பெண் ஆடினாள். ராத்தா அதையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கொப்பியும் போயிரிக்கும். எழுதின பிள்ளயும் போயிரிக்கும். அவர உடுறதுக்கு அங்க இனி ஆர் இரிக்கா?"

அன்றைக்கு அவர் காற்று அடிக்காமலே போனார்.

அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. முகாமுக்கு இரண்டு தடவை போய்க் கேட்டார். வன்னியிலிருந்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சர்பத் குடித்த அதிகாரி மாறிப் போயிருந்தார். புதிய ஆள் அதே படிவத்தை எடுத்து நீட்டினார். ராத்தா அதை மடித்துக் கையில் வாங்கி வந்தார். வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் காலை மௌலவி மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்க வந்திருந்தார். ராத்தா தெருவின் அந்தக் கரையிலிருந்து கண்டுவிட்டு வந்தார்.

"மௌலவி, ஒரு சட்டம் கேக்கணும். நான் இத்தா இரிக்கப் போறன். எண்டையிலிருந்து தொடங்கணும்?"

மாப்பிள்ளை மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பது இத்தா. வெளியே போவதில்லை. அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. மௌலவிக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவர் மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு. அது நடந்து ஒம்பது வருஷமாகுதே. அந்த நாலு மாசம் பத்து நாள் எப்பயோ கழிஞ்சிட்டு. நீங்க இனி இரிக்கத் தேவயில்ல."

"அண்டைக்கெல்லாம் அவர் எனக்கு ஹயாத்தாத்தானே இரிந்தார்? ஹயாத்தான மாப்பிளைக்கு ஆரும் இத்தா இரிப்பாங்களா?"

"சட்டம் அப்பிடித்தான்."

"சரி, சட்டத்துக்கு முடிஞ்சிட்டு. எனக்கு முடியல்ல. நான் இரிந்தா குத்தமா?"

மௌலவி இளம் ஆள். ஓதிய எதிலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"குத்தம் எண்டு ஒண்டும் இல்ல."

"அது போதும்."

அடுத்த திங்கட்கிழமை அவர் விடியவே வெளிக்கிட்டார். கரியரில் மகள் இல்லை. அவளுக்குப் பதினொரு வயது, பக்கத்தில் நடந்தாள். நான் கடை திறக்கும்போது பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கையில் இரண்டு பேரும் நுழைவதைக் கண்டேன். வழமையான நடை, வழமையான சைக்கிள். யாருக்கோ கலியாணம் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குள் செய்தி கடைக்கு வந்துவிட்டது. அவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னது கத்தத்துக்கு. அதே வாசல், அதே இடத்தில் நின்று, அதே வசனம். முதல் வீடு மாமியின் வீடு. பிறகு மகள் எனக்குச் சொன்னாள்: "வாப்பும்மாக்கிட்ட உம்மா சொன்னா, 'உங்களுக்குத்தான் முதல் சொல்றன், இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல' எண்டு. வாப்பும்மா உம்மாவக் கட்டிப் புடிச்சி அழுதா. உம்மா அழல்ல. தேத்தண்ணி குடிச்சா, நிண்டுக்கிட்டே."

நாள் முழுக்கப் போனார்கள். வயல் பக்கம், பஸார், கடற்கரையில் மிச்சமிருந்த வரிசைகள். தேங்காய் கொடுத்தவர்களிடம் வாங்கவில்லையாம். கைப்பிடியில் ஒரு பையும் தொங்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்தார்கள். நாங்கள்தான் கடைசி. ராத்தா வாசலில் நின்றார்.

"வெள்ளிக்கிழம அஸருக்குப் பொறகு எங்கட ஊட்ட கத்தம். எண்ட மாப்பிளைக்கு. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் வரணும். வராம இருந்திராதிங்க."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தார்.

"வாறம், ராத்தா."

"வெள்ளி முடிஞ்ச பொறகு நான் இரிக்கப் போறன். நாலு மாசம் பத்து நாள். இவ பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் தனியப் போகணும்." சைக்கிளை என் பக்கம் தள்ளினார். "தம்பி, சீட்டப் பதிச்சி உடு. இவட காலுக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நட்டு அசையவில்லை. எத்தனையோ வருஷத் துரு. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். தட்டினேன். பிறகும் எண்ணெய் விட்டேன். முதலாளி, சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, மேலே பழைய பேப்பர் விரித்துவிட்டு ஒதுங்கினார். இதை அவர் எத்தனையோ தடவை செய்திருக்கிறார். பேப்பர்தான் வீணாகும்.

ராத்தா அந்தப் பெட்டி மேல் இருந்தார்.

நான் குனிந்தபடியே வேலை செய்தேன். முதலாளியும் தேவையில்லாமல் ஒரு சில்லைச் சுற்றிக்கொண்டு நின்றார். நட்டு ஒரு சத்தத்தோடு இளகியது. பொலித்தீனைக் கழற்றினேன். கீழே சீட் புதுக் கறுப்பாக இருந்தது. குழாயைக் கையால் அமுக்க, ஒரு சாண் நீளம் கீழே இறங்கியது. முன்பு நட்டு இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் ஒரு வளையம் மட்டும் துருவில்லாமல் பளிச்சென்று இருந்தது. அதுவும் உள்ளே போய் மறைந்தது.

"ஏறு" என்றேன்.

பிள்ளை நடுக் கம்பிக்கு மேலால் காலைத் தூக்கிப் போட்டாள். கால் எட்டியது. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பத்தாவது அடியில் விட்டுவிட்டேன். ஆடினாள், ஒரு ஆட்டோக்காரர் ஒதுங்கிக்கொண்டு ஏசினார், பிறகு நேராகிவிட்டாள். ராத்தாவின் பிள்ளை, ஆனால் மிதித்தது ஆறடிக்காரரின் கால்.

"மணி அடிச்சிப் போ!" என்றார் ராத்தா, இருந்தபடியே.

கூடின சத்தத்தோடு அந்தப் புது மணி அடித்தது. கல்முனைப் பக்கம் போய், திருப்பத்தில் மறைந்தது.

"இத்தா முடிஞ்ச பொறகுதான் காது குத்து" என்றார். "நீ நிப்பியா தம்பி? இல்ல, உண்ட வழக்கத்துக்கு வேற எங்கயும் ஓடிருவியா?"

ஹம்பாந்தோட்டையில் றோட்டு வேலைக்கு நான் அப்போதே பேர் கொடுத்திருந்தேன். அடுத்த மாதம் போக வேண்டும்.

"நிப்பன்" என்றேன்.

அவர் சிரித்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

எழும்பி, பெட்டியில் விரித்த பேப்பரை மடித்து வைத்தார். தெருவில் இறங்கினார். முதன்முதலாக அவர் சைக்கிள் இல்லாமல் நடந்து போவதைப் பார்த்தேன். இரண்டு கையும் முன்னால் கொஞ்சம் நீண்டிருந்தன, கைப்பிடியைப் பிடித்துப் பழகிய அதே உயரத்தில். நாலைந்து வீடு கடந்த பிறகுதான் அதைக் கண்டுகொண்டார் போல. கைகளை இறக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்குப் போனார்.